ஒரே ரோலில் தாலியும் இன்ஜினும்

அக்கா கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று வீட்டில் சவடால் அடித்தவன் நான்தான். மில்லில் என்னோடு ஷிப்ட் பார்த்தவரிடம் கேமராவை இரவல் வாங்கினேன். மடவார்வளாகம் கோயிலில் முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் புது ரோல் போட்டேன். மூன்றாவது படம் தாலி கட்டு. பந்தி முடிந்தபோது முப்பத்திரண்டு ஆகியிருந்தது. மிச்சம் நாலு.

தொண்ணூறுகளில் ரோலை முழுக்க முடிக்காமல் யாரும் கழுவக் கொடுக்க மாட்டார்கள். சொந்தக்காரப் பிள்ளைகளை நிற்கவைத்து அந்த நாலையும் தட்டிவிட்டிருக்கலாம். எனக்கு இருந்த கிறுக்கு வேறு. அந்த வாரம் ராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் புதுப் பெயிண்ட் அடித்த டீசல் இன்ஜின் ஒன்று வர ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் போனால் பெயிண்ட் வாசம் அடிக்கும். அதைப் பிளாட்பாரத்தில் வைத்து எவன் எடுப்பான்? செங்கோட்டை தாண்டி மலையேறி, ரயில் குகைக்குள் அது நுழைகிறபோது எடுக்க வேண்டும்.

அத்தான் வெள்ளிக்கிழமை பம்பாய்க்கு வேலைக்குக் கிளம்புகிறார். போனால் வர ஒரு வருஷம் ஆகும். தாலி கட்டுகிற படத்தை அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும், அக்காவுக்கு அது ஒன்றுதான் ஆசை. “படம் எப்பலே வரும்?” என்று தினமும் கேட்டாள். “கழுவக் குடுத்தாச்சுக்கா” என்று கூசாமல் புளுகினேன்.

ஞாயிறு காலை பஸ் ஏறினேன். செங்கோட்டைக்கு அப்பால் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே மலையில் நடந்து, குகை வாசலுக்கு எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து உறுமல் கேட்டது. வளைவில் திரும்பியது பாருங்கள், ஆத்தாடி! அம்புட்டுப் பச்சைக்கு நடுவே ரத்தச் சிவப்பு. நாலையும் தட்டினேன். ரோல் முடிந்தது. அதைத் திருப்பிச் சுற்றப் போனபோது தோளில் ஒரு கை விழுந்தது.

குகைக் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்.

“ஏலே, போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கே, கண்ணு தெரியலையா? ரோலை வெளிய எடு.”

“சார், எங்க அக்கா கல்யாணம் இதுக்குள்ள இருக்கு சார்! தாலி கட்டுனது இருக்கு!”

“கல்யாணத்துக்கும் இந்தக் குகைக்கும் என்னலே சம்பந்தம்?”

பதில் சொல்வதற்குள் கேமராவைப் பிடுங்கிப் பின்மூடியைத் திறந்துவிட்டார். உச்சி வெயில் உள்ளே விழுந்தது. பாய்ந்து இரண்டு கையாலும் அமுக்கி மூடினேன். வெளிச்சம் பட்டால் ரோலில் பதிந்ததெல்லாம் அழிந்துபோகும். வெட்கமில்லாமல் அழுதேன். அவரும் பயந்துவிட்டார் போல. “போ, போ” என்று விரட்டிவிட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நான், அவரைச் சொல்லி என்ன செய்ய?

மறுநாள் ஸ்டுடியோக்காரரிடம் போய் நின்றேன். “மொதல்ல எடுத்தது அடியில சுத்திக் கெடக்கும். கடைசியா எடுத்தது மேல இருக்கும். மேல உள்ளது போச்சு” என்றார். “தாலி எத்தனாவது?”

“மூணாவது.”

“அப்ப சாமியக் கும்புடு. மதுரைக்கு அனுப்பி வார வெள்ளி ஆயிரும்.”

நாலு நாளும் அக்கா முகத்தைப் பார்க்காமலே ஷிப்டுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கவரை வாங்கிப் பிரித்தேன். முப்பத்தாறில் ஒன்பதுதான் தேறியிருந்தன. தாலி இருந்தது. ஓரத்தில் வெயில் பட்ட இடம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்றாக, அத்தான் தோள் வரைக்கும் வந்து நின்றிருந்தது. வீட்டுக்கு ஓடினேன். அத்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா படத்தை வாங்கி விரலால் அந்தக் கீற்றைத் தடவினாள். “இது என்னலே, தீப்பிடிச்ச மாதிரி?”

இதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராகவே வைத்திருந்தேன். அவள் படத்தை அத்தானின் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

“அந்த இன்ஜின் விழுந்திருக்கா?”

“இல்லக்கா. நாலும் போச்சு.”

“நல்லதாப் போச்சு. அது வந்து இது போயிருந்தா, செத்தாலும் ஒன் மொகத்துல முழிச்சிருக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு, அப்புறம்தான் அழுதாள்.