ஒட்டுமிடத்தில் பிறக்கும் நீலம்

இரண்டு பொருள்கள் ஒட்டியிருக்கும் இடத்தைப் பிரிக்காமலே எட்டிப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. பச்சை லேசரையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரையும் ஒரே புள்ளியில் விழவைத்தால், அந்த ஒட்டுமிடத்தில் மட்டும் நீலமாக ஒரு வெளிச்சம் பிறக்கும். இருக்கிறதா இல்லையா என்று மயங்க வைக்கும் மெலிசு. அதற்காக இருட்டறையில் தவம் கிடக்கும் சக பாவிகளுக்கு என் அனுதாபங்கள்.

சாரல்

தென்காசியில் சாரல் விழுந்தால் ஊரே குற்றாலத்துக்குக் கிளம்பும். நான் ஆய்வகக் கதவை அடைக்க ஓடுவேன். காற்றில் ஈரம் ஏறினால் அது அகச்சிவப்பு ஒளியைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். இந்த முறை கவலை ரஹ்மத்துக்காக. கடையநல்லூர்ப் பெண், என் ஆராய்ச்சி மாணவி. இரும்புக்கும் அதன்மேல் பூசிய நிறமற்ற பூச்சுக்கும் நடுவே தண்ணீர் எப்படி நுழைகிறது என்பது அவள் ஆய்வு. கடைசி அளவீடு கிடைத்தால்தான் பட்டம். அதற்குள் துபாயில் இருக்கும் கணவனிடம் போக டிக்கெட் வந்துவிட்டது.

நான் கதவிடுக்கில் துண்டைத் திணித்துக்கொண்டிருந்தேன். டெக்னீஷியன் சண்முகம் அண்ணாச்சி வராந்தாவில் நின்று, மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி சொன்னார்: "ஊரே சாரலுக்கு ஏங்குது. நீங்க ஒருத்தர்தான் சார் அத வெரட்டுதீங்க."

எண்ணெய்

ஒரு காலையில் திரையில் ஓடும் கோட்டில் அழகாக ஒரு சிகரம் எழுந்தது. கனவு கலைந்துவிடுமோ என்பதுபோல் ரஹ்மத் அசையாமல் நின்றாள். சந்தேகத்துக்கு, பூச்சே இல்லாத வெறும் இரும்பை வைத்தோம். அங்கேயும் அதே சிகரம்; அப்படியென்றால் அது பூச்சுக்கு அடியில் நுழைந்த தண்ணீர் இல்லை, தகட்டில் ஒட்டிய ஏதோ அழுக்கு.

அண்ணாச்சி உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் தேய்த்து, ஐந்தருவியில் குளித்துவிட்டு நேராக வந்திருந்தார். கையுறை போட்டிருந்தார்தான். அதாலேயே நெற்றியைத் துடைத்துவிட்டு இரும்புத் தகடுகளைத் தொட்டிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரஹ்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்: "நான் தண்ணியத் தேடுதேன் அண்ணாச்சி, நீங்க எண்ணெயக் காட்டுதீங்க."

பயணத்துக்கு முந்தைய நாள்

அன்று சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தது. புதிய தகடு, புதிய கையுறை. இருட்டில் பச்சைப் புள்ளி மட்டும் மிதந்தது. மெல்ல மெல்லத் திரையில் தண்ணீரின் மேடு எழுந்தது, பூச்சுக்கு அடியில், இரும்பை ஒட்டி. வெறும் இரும்பில் அது இல்லை. நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

ரஹ்மத் கணவனை வீடியோவில் அழைத்துத் திரையைக் காட்டினாள். அவர் அங்கே எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெயிண்ட் உரிஞ்ச பெறவுதான் நாங்க ஏச்சு வாங்குதோம். நீ அதுக்கு முந்தியே பாத்துட்டியா புள்ள?"

மறுநாள் அவளை வழியனுப்பியபோது எங்களுக்கு இருந்தது சந்தோஷமா வருத்தமா என்று பார்த்துச் சொல்ல மட்டும் எங்களிடம் லேசர் இல்லை.