மருந்துக் கிளாஸில் அப்பாவின் ஒயின்

அப்பா சமையல்காரர். மெட்ராஸில் ஒரு பிரெஞ்சு துரை வீட்டில் பல வருஷம் ஆக்கிப் போட்டவர். துரை சொந்த ஊருக்குத் திரும்பியபோது, இரண்டே வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று மணவாள நகரில் எங்களை விட்டுவிட்டு அவரோடு கப்பல் ஏறினார். அறுபதுகளின் நடுவில் அது. எனக்குப் பத்து வயது.

துரை குடும்பத்துக்கு அங்கே திராட்சைத் தோட்டம். ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பம், ஒரே தோட்டம், சிவப்பு ஒயின் மட்டும். அறுப்பு முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு கடிதம் அப்பாவிடமிருந்து வரும். பழம் கறுப்பாக இருந்தாலும் சாறு வெள்ளைதான், தோலோடு ஊறினால்தான் சிவப்பு ஏறும் என்று எழுதுவார். பீப்பாயின் மரம் ஒயினைக் குடித்துவிடுமாம், குறைந்ததை அடிக்கடி ஊற்றி நிரப்பவேண்டுமாம். இங்கே நாங்கள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்க, அங்கே பீப்பாய்க்கு உபசாரம். எனக்கு எரிச்சலாக வரும். எப்போது வருகிறேன் என்பதை மட்டும் எழுதமாட்டார்.

அக்கா முழுகாமல் இருப்பதைத் தெரிவித்த பிறகுதான் அதற்கும் பதில் வந்தது. குழந்தை பிறப்பதற்குள் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். இந்தக் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் நிலவறையிலிருந்து ஒரு பழைய பாட்டிலை எடுப்பார்கள், என் பேரப்பிள்ளைக்கும் ஒன்று கேட்டிருக்கிறேன் என்றும் இருந்தது. அந்த வரியை அம்மா என்னை நாலு தரம் படிக்கச் சொன்னாள்.

அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி டிரைவர் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "துரை ஊட்லேர்ந்து வந்துக்கீது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே வைக்கோலில் ஒரு பாட்டில். லேபிளில் அப்பா கப்பலேறிய வருஷம். கூடவே டைப் அடித்த ஒரு கடிதம்.

"இன்னாடி போட்டுக்கீது?" என்றாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. எழுத்து ஏ, பி, சி, டி-தான், ஆனால் இங்கிலீஷ் இல்லை. ஒரு வரிகூடப் புரியவில்லை. அப்பாவின் பெயர் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"அப்பா நல்லாக்கீறாராம். கொழந்தைக்குத்தான் அனுப்சிக்கீறாங்க. சீக்கிரமே வந்துடுவாராம்" என்றேன்.

அடுத்த வாரம் வளைகாப்பு. அம்மா தலை நிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமுமாக நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் அவர் வந்துக்கினே கீறார் என்று சொன்னாள்.

அக்காவுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சிவப்பாக இருப்பது ரத்தத்துக்கு நல்லது என்பது அம்மாவின் வைத்தியம். மாமா, அதாவது அக்கா புருஷன், கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பாட்டிலின் தக்கையில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, கட்டிங் பிளேயரால் இழுத்துத் திறந்தார். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு மருந்துக் கிளாஸில் ஒரு அவுன்ஸ். அக்கம்பக்கத்துக்கு அது டானிக். அக்கா முகத்தைச் சுளித்தால், "அப்பா குடுத்தது, கண்ண மூடிக்கினு குடி" என்பாள் அம்மா. பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிறகும் மருந்து நிற்கவில்லை.

துரைக்கு நன்றி எழுதவேண்டும் என்று அம்மா பிடித்த பிடியாக நின்றாள். மாமாவின் தொழிற்சாலைக்கு மெஷின் மாட்ட ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் வந்திருந்தார், கூடவே பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் மொழிபெயர்க்க. அவரைக் கொண்டே பதில் எழுதி வாங்கலாம் என்று மாமா கடிதத்தை எடுத்துப்போனார். நான் தடுக்கவில்லை. என் பொய்யை அதற்குள் நானே நம்பிவிட்டிருந்தேன்.

மாமா அன்று பகலிலேயே திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார். அப்பா அறுப்பு முடிந்த வாரத்தில் மார்ச்சளி ஜுரத்தில் இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தோட்டத்து ஆள் யாராவது இறந்தால், அவர் அங்கே வேலைக்கு வந்த வருஷத்து ஒயினை அவர் வீட்டுக்கு அனுப்புவது அந்தக் குடும்பத்து வழக்கம். வீட்டார் எல்லோரும் ஒரே நாளில், ஒன்றாக உட்கார்ந்து, அவரை நினைத்துக் குடிக்கவேண்டும்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வரவில்லை. குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

ஆறு மணிக்கு அம்மா அலமாரியைத் திறந்தாள். பாட்டிலில் நாலு விரற்கடை மிச்சம் இருந்தது. எல்லோரையும் உட்காரச் சொன்னாள். மாமாவுக்கு, அக்காவுக்கு, எனக்கு என்று அதே மருந்துக் கிளாஸில் அளந்து கொடுத்துவிட்டுக் கடைசியில் தான் குடித்தாள். கசந்தது. நாக்கு வறண்டு இழுத்துக்கொண்டது.

கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா என்னைக் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்ட மனுசன். கடசில அவருக்கு யாரு கஞ்சி வச்சிக் குடுத்தாங்கன்னு அதுல போட்டுக்கீதா? நல்லாப் பாத்துச் சொல்லு."

மாமாவின் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை வாங்கிப் பிரித்தேன். அப்பாவின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன்.