மலை மூடிய திங்கட்கிழமை

ஐம்பத்தெட்டு வயதில் வசந்தமலருக்குப் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஆக்லாந்தின் ஹென்டர்சன் பக்கத்துத் தமிழ்ச் சனம் சொல்லிச் சிரித்தது. சிரிக்கட்டும். முதியோர் இல்லத்தில் இத்தனை வருடமாக மற்றவர்களைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, செருப்பு மாட்டி விட்டவள். அவளுடைய கால் ஒரு நாளைக்கு ஓட ஆசைப்பட்டால் அதில் சிரிக்க என்ன கிடக்கிறது?

ஆசை நேற்று முளைத்ததும் அல்ல. ஆக்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கூரையில் சறுக்குப் பலகை கட்டிய கார்கள் மோட்டர்வேயில் தெற்கே ஓடுவதைப் பார்த்து, "இஞ்சருங்கோ, நாங்களும் ஒருக்காப் போவமா?" என்று கணவரைக் கேட்டாள்.

"அடுத்த வருசம் பாப்பம்" என்றார் இராசநாயகம்.

அந்த அடுத்த வருசம் வந்தபாடில்லை. ஒரு முறை வீட்டு மோர்கேஜ், ஒரு முறை கோயில் திருவிழா, இன்னொரு முறை டொரொண்டோவில் அவருடைய தங்கச்சி மகளின் கலியாணம். மனிதர் கெட்டவர் அல்ல. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. மனைவிக்கென்று தனியாக ஓர் ஆசை இருக்கலாம் என்பது மட்டும் அவருடைய மண்டையில் ஏறாது.

கடைசியில் மகள் ராகவிதான் தாயை ஆல்பனிக்கு அப்பால் இருக்கிற பனிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பெரிய கொட்டகை, உள்ளே இயந்திரம் கொட்டுகிற பனி. முதல் நாள் வசந்தமலர் விழுந்த விழுகையில் சின்னப் பிள்ளைகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் விடவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதம் ஒரு முறை போனாள். மூன்று வருடத்தில் வளைந்து திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும் பழகிவிட்டாள். என்றாலும் அது கூரைக்குக் கீழே இருந்த பனி. அவளுக்கு வானம் தெரிகிற பனி வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வலது முழங்கால் முட்டுப் பழுதானது. நவம்பரில் முட்டு மாற்றுகிற ஒபரேஷன், அதற்குப் பிறகு சறுக்குகிற கதையே கூடாது என்றார் டாக்டர். அதற்கு முன் ஒரு முறை போகலாமா என்று இவள் கெஞ்சிக் கேட்டதில், "மெதுவான சரிவில், கவனமாக" என்று இறங்கி வந்தார். அந்த ஒரு முறையை வசந்தமலர் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆகஸ்டில் புயல் வந்து மலைப் பாதையை மூடியது. செப்டம்பரில் இராசநாயகம் யாருக்கோ பதிலாக வேலைக்குப் போனார். மிஞ்சியது அக்டோபரில் லேபர் டே விடுமுறைத் திங்கட்கிழமை. சீசனின் கடைசி நாளும் அதுதான்.

ஞாயிறு பின்னேரம் மூவரும் போய் மலையடிவார மோட்டலில் தங்கினார்கள். கடைசிக்காலப் பனி காலையில்தான் பனி, வெயில் ஏறினால் கஞ்சி என்று ராகவி படித்துப் படித்துச் சொன்னாள். கீழ்ச் சரிவெல்லாம் ஏற்கெனவே கல்லும் சேறும். கம்பியில் தொங்குகிற இருக்கை லிஃப்டில் ஏறி மேலே போனால்தான் உண்டு. மதியத்துக்கு முன்பே காற்று எழும்பும், ஏழு மணிக்கே வெளிக்கிடுங்கள் என்று மோட்டல்காரியும் சொல்லி வைத்தாள்.

வசந்தமலர் ஆறரைக்கே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தாள். இராசநாயகம் சாவகாசமாகக் குளித்து, திருநீறு பூசி, தேத்தண்ணி குடித்து முடிக்க ஏழரை தாண்டிவிட்டது. கார்ச் சாவியை எடுத்தவர் சட்டென்று நின்றார்.

"இண்டைக்குத் திங்கள் எல்லோ? இராகு காலம் துவங்கீற்றுது. ஒன்பது மணிக்குப் பிறகு வெளிக்கிடுவம்."

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?" ராகவி கத்தினாள். "இங்க டேலைட் சேவிங், மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கு. உங்கட ஏழரையே சரியான ஏழரை இல்ல!"

"நீ சும்மா இரு. கொம்மாவுக்கு ஏற்கெனவே முட்டு ஏலாது. கூடாத நேரத்தில போய் விழுந்து கிழுந்து முறிஞ்சால் ஆர் பொறுப்பு?"

சாவி அவருடைய காற்சட்டைப் பைக்குள் போய்விட்டது. வசந்தமலர் எழும்பி அதைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. முறிந்தால் என்று அவர் சொன்ன சொல் அவளுடைய நெஞ்சுக்குள்ளும் போய்க் குந்திக்கொண்டது. அவளும் அதே கலண்டரைப் பார்த்து வளர்ந்தவள்தானே. திரும்பவும் கட்டிலில் போய் இருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

ஒன்பது அடித்த பிறகு புறப்பட்டார்கள். மலைப் பாதையில் கார்கள் எறும்பாய் ஊர்ந்தன. சறுக்குப் பலகையும் கோலும் சப்பாத்தும் வாடகைக்கு எடுக்கிற இடத்தில் ஒரு வரிசை, லிஃப்டுக்கு இன்னொரு வரிசை. வீங்கிய முட்டோடு, கல் போன்ற அந்தச் சப்பாத்தில் வசந்தமலர் அடி அடியாக நகர்ந்தாள். முன்னால் ஒரு குடும்பம்தான் பாக்கி. அப்போது காற்று ஒரு தூக்குத் தூக்கியது. தொங்கிய இருக்கைகள் ஆடின. லிஃப்ட் நின்றது.

மேலேயிருந்தவர்களை மெல்ல இறக்கினார்கள். பிறகு அங்கே வேலை செய்கிற ஒரு பெடியன் வந்து கயிற்றைக் குறுக்கே கட்டினான். "சொறி, இந்த வருசத்துக்கு இவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். காலையில் வந்தவர்கள் சிவந்த முகத்தோடு, வாயெல்லாம் பல்லாக அவளைக் கடந்து போனார்கள்.

"பரவாயில்ல, மலர்" என்றார் இராசநாயகம். "அதில நில்லும். ஒரு படம் எடுப்பம்."

சேற்றுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த அழுக்குப் பனியில் கோல் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். படம் அன்றைக்கே டொரொண்டோவில் இருக்கிற தங்கச்சிக்குப் போனது. 'மச்சாள் கலக்கிறா!' என்று பதில் வந்தது. அவர் அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டே கார் ஓட்டினார். பின் இருக்கையில் ராகவி அழுதாள். வசந்தமலர் அழவில்லை. முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒபரேஷன் நாளும் திங்கட்கிழமையாகத்தான் வந்தது. எட்டே காலுக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். இராசநாயகம் அன்றைக்கு ஆறு மணிக்கே குளித்து முடித்து, பையைக் காரில் ஏற்றி, ஏழே முக்காலுக்கு ஹோர்னை அடித்தார்.

"மலர், கெதியா வாரும்! பிந்தினால் வேற ஆளைக் கூப்பிட்டிடுவினம்!"

அவள் வாசலில் ஊன்றுகோலோடு நின்றாள்.

"இப்ப இராகு காலம் எல்லோ?"

"ஐயோ, ஆஸ்பத்திரி அலுவலுக்கு அதெல்லாம் பாக்கேலுமே? நான் வேலைக்கு வெளிக்கிடேக்கை பாக்கிறனானோ? திங்கள் திங்கள் இந்த நேரந்தானே போறன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஹோர்னிலிருந்து கையை எடுத்தார்.

"ஓம்" என்றாள் வசந்தமலர். "எனக்கெண்டு ஒரு நாள் காலமை வந்தால்தான் பாக்கோணும்."

பிறகு படியில் பழுதான வலது காலை முதலில் வைத்து இறங்கி, அவருக்குப் பக்கத்து இருக்கையை விட்டு, பின் இருக்கையில் போய் ஏறிக்கொண்டாள்.