சீட்டில் விழுந்த நோட்டு

2008இல், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை பஸ்ஸில் அவர் என் பக்கத்து சீட்டுக்காரர். நெல்லிக்குப்பத்து ஃபிட்டர், நகக்கண்ணில் கிரீஸ் கறை. ஜப்பான் வேலைக்காக அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே நோட்டைப் போட்டு எங்கள் இருவருக்கும் இடம் பிடிப்பார். பதிலுக்கு நான் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கவேண்டும். 'மழை பெய்தது', 'பஸ் தாமதம்' என்று கொடுத்தால், நடுவில் 'அதனால்' என்று பொருள்தரும் 'கரா' போட்டு, காரணத்தோடு சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொல்வார்.

ஒருநாள் நான் முன்பே ஏறிவிட்டேன். பக்கத்தில் அவருடைய நோட்டு வந்து விழுந்தது. அதற்குள் என் மேனேஜர் வந்து, "ஆள் வராங்களா?" என்றார்.

"இல்ல சார்" என்று நோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மேனேஜர் உட்கார்ந்தார். ஃபிட்டர் ஏறி வந்து, கம்பியைப் பிடித்தபடி என்னருகே நின்றார். "நாளைக்குப் பரீட்ச சார், கேளுங்க."

சிதம்பரம் வரை கேட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம் சேர்த்துச் சொன்னார். அதன்பிறகு அவர் அந்த பஸ்ஸுக்கு வரவில்லை. அன்று இறங்கும்போது நோட்டை வாங்கிக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தேன் என்று மட்டும் கேட்கவில்லை.