மாமாவுக்குத் தெரியாத கால்கள்

போர்வைக்குள் மாமாவின் வலது கால் முதன்முதலாக உதைத்தபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். காலின் சொந்தக்காரருக்கே அது உதைத்தது தெரியவில்லை. அக்காவும் நானும் போர்வையையே பார்ப்பதைக் கண்டுதான் குனிந்து பார்த்தார்.

மாமா என் அக்காவின் கணவர். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றியவர். தகட்டுக் கட்டு சரிந்து முதுகில் விழுந்ததில், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் திருவொற்றியூர் வீட்டுக்குத் திரும்பிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கால் உதைத்ததும் அக்கா கற்பூரம் ஏற்றினாள். "அவருக்கு காலு வந்துகினு கீது!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். மாமா மட்டும் தன் காலை, வீட்டுக்குள் புகுந்த அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மச்சான், அது நான் இல்லடா" என்றார். இன்றைக்கும் யாராவது தூக்கத்தில் காலை உதறினால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அவர் சொன்னதுதான் சரி. மூளையிலிருந்து வரும் வழி அறுந்தாலும், அதற்குக் கீழே தண்டுவடத்து நரம்பணுக்கள் சாகவில்லை, ரசாயனத்தால் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன, 'போதும், அடங்கு' என்று மேலிருந்து அதட்டத்தான் ஆளில்லை என்றார் டாக்டர். அந்த அதட்டலை ஓரளவு மாத்திரை செய்யுமாம். அக்கா ஒப்பவே இல்லை. "ஆடுற காலை மருந்து குடுத்து சாவடிக்க சொல்றியா?" என்று என்மேல் பாய்ந்தாள், மாத்திரையை ஒளித்தும் வைத்தாள். கொசு உட்கார்ந்தால் உதை, போர்வை உரசினால் உதை. கட்டில் கம்பியில் இடித்து இடித்துக் குதிகால் புண்ணானது. வலி தெரியாததால் சீழ் பிடித்த பிறகுதான் கவனித்தோம். அதைப் பார்த்ததும் மாத்திரையை அக்காவே எடுத்துக் கொடுத்தாள். சில நாளில் கால்கள் அடங்கின. அவள் அழுத அழுகையில், மாமாதான் போய்விட்டார் என்று அக்கம்பக்கத்தார் ஓடி வந்துவிட்டார்கள்.

அதன்பின் தினமும் காலையில், முந்தைய மாத்திரையின் வேகம் குறைந்திருக்கும் நேரத்தில், அக்கா அவர் காலைத் துடைத்துவிடுவாள். நான் மாத்திரையோடு போனால் மாமா கையைக் காட்டித் தடுப்பார். பாதம் அவள் மடியில் துள்ளும். "இன்னா, கூசுதா?" என்று அவள் காலைத்தான் கேட்பாள். அது மறுபடி துள்ளும், அவள் சிரிப்பாள். "அவ அதுங்களோட பேசிக்கினு கீறா. முடிக்கட்டும், அப்பால குடு" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு முடியும்வரை மாமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.