நாற்காலியில் தீர்த்துக்கொண்ட கோபம்

கவரைப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். எதையும் நேரத்தோடு நோட்டில் குறிப்பது என் வழக்கம். "இந்தம்மா பல்லு வெளக்கினாக்கூட டைம் போட்டு எழுதும்" என்று கேன்டீனில் எல்லோரையும் சிரிக்க வைத்தவள், என் பிரிவில் வேலை செய்த சுமதி. நான் அதை மறக்கவில்லை.

ஆறாம் மாதக் கர்ப்பத்தில் அவள் டாக்டர் சீட்டோடு வந்தாள். எடை அதிகம் கூடுகிறது, பாரம் தூக்கக் கூடாது, வேலைக்கு நடுவே இருபது நிமிடம், மூச்சு வாங்காத வேகத்தில், நடக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பாரம் தூக்குவதை நிறுத்தினேன். நடப்பதற்கு மட்டும் அனுமதி தரவில்லை.

"புள்ளத்தாச்சி இன்னாத்துக்குடி சுத்துற? உக்காரு" என்று நாள் முழுக்க லேபிள் ஒட்ட உட்கார வைத்தேன். எல்லோரும் என்னை நல்லவள் என்றார்கள். அவள் நெளிவதைப் பார்க்க எனக்கு இனித்தது.

மூன்றாம் வாரம், வீங்கிய காலில் ஏறாத செருப்பைக் கையில் பிடித்தபடி என் முன் நின்றாள்.

"ஒரே மாசத்துல நாலு கிலோ ஏறிட்சின்னு டாக்டர் திட்றாங்க. என் மேல காண்டுன்னா என்னைத் திட்டுங்கக்கா. வயித்துல கீறது உங்கள இன்னா பண்ணிச்சு?"

இந்த வீக்கத்தோடு நடக்கலாமா என்று அன்றே டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லி, அவர் சரி என்றதும் மறுநாள் அவளோடு நானே நடந்தேன்.

"வேணும்னுதான் உக்கார வெச்சேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள், நிற்காமல். "இப்ப பேசாம நடங்க."

பிரசவ விடுப்பு வரை தினமும் நடந்தோம். அக்கறையாகத் தெரிவதை யாரும் தட்டிக்கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் அன்று அவளை உட்கார வைத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.