மீன்தொட்டிக்கு மண் மாற்றிய நாள்

மீன் வளர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே புத்திதான் சொல்வார்கள்: செடி நன்றாக வேர்பிடித்த தொட்டியின் அடிமண்ணைத் தொடாதே. நானும் தொடாமல்தான் இருந்தேன். தொட்டி வாங்கிய புதிதில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்து சிவப்பு மண்ணை அள்ளி, சலித்து, அடியில் பரப்பி, மேலே மணல் போட்டுச் செடி நட்டேன். வருஷம் போகப் போக வேரும் வேரும் பின்னிக்கொண்டன. ஒரு செடியைப் பிடுங்கினால் மொத்தத் தொட்டியும் கையோடு வந்துவிடும் என்ற நிலைமை. "இந்த வீட்டுல நம்ம கல்யாணத்துக்கு அடுத்தபடியா நெலைச்சு நிக்கிறது இதுதான்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். "ரெண்டுக்கும் தண்ணி சொமக்கிறது நான்தானே" என்பார் அவர். ஆட்டோ ஓட்டுகிற மனுஷன். வாய்க்குப் பிரேக் கிடையாது.

எங்களோடு இருக்கும் என் அப்பாவுக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. "கொழம்பு வைக்க முடியாத மீனுக்குக் கண்ணாடி மாளிகை!" என்று போகும்போதும் வரும்போதும் ஒரு குத்துக் குத்துவார். நான் சும்மா இருப்பேனா? அப்பனுக்குத் தப்பாத மகள். பதிலுக்கு நானும் ஏதாவது சொல்ல, வீடு சந்தைக்கடையாகிவிடும். அப்படிச் சண்டை போட்ட மனிதருக்குத்தான் ஒருநாள் காலையில் பக்கவாதம் வந்தது.

வலது கையும் காலும் விழுந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு அடியோடு போனது. கையும் காலும் மெல்லத் திரும்பத் தொடங்கின. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்குகிறது, சொல்லவேண்டிய சொல்லும் உள்ளே இருக்கிறது, வெளியே வரத்தான் வழி தெரியவில்லை என்று ஆஸ்பத்திரி டொக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். விடாமல் பேச்சுக் கொடுங்கள், ஆரம்ப மாதங்களில் வந்தால்தான் உண்டு, நாள் போகப் போக வருவது கஷ்டம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் என் காதிலேயே தங்கிவிட்டது.

தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய் பழக்குவதுதான் என் வேலை. அந்தத் தைரியத்தில் அதே படங்களை அப்பா முன்னாலும் நீட்டினேன். "இது என்னாப்பா? கோ... கோழி." அவர் இடது கையால் ஒரு தட்டுத் தட்டினார். கோழியும் குடையும் கட்டிலுக்கடியில் போய் விழுந்தன. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டிலை வேண்டுமென்றே தொட்டிக்கு எதிரில்தான் போட்டிருந்தேன். எதையாவது பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று. அவர் பார்த்ததெல்லாம் சுவரைத்தான். மாதம் ஒன்று கழியும்போதெல்லாம் எத்தனை போயிற்று என்று விரல்விட்டு எண்ணுவேன். ஏசவாவது ஏசுங்களேன் அப்பா என்று மனதுக்குள் கெஞ்சியிருக்கிறேன்.

அப்பாவைப் பார்த்த பார்வையில் தொட்டியைப் பார்க்க மறந்துவிட்டேன். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இலைகள் அடித்தண்டிலிருந்து கரைந்தன. மண்ணுக்குள்ளிருந்து குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தால் அழுகல் வாடை. டவுனில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும், எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் போய் நின்றேன்.

"அடிமண் செத்துப் போச்சு தங்கச்சி" என்றார். "கீழ காத்துப் போகாம அழுகுது. முழுசா அள்ளிட்டுப் புதுசு போடுங்க. ஆனா எல்லாத்தையும் கழுவித் தொலைச்சிராதீங்க. மேல்மண்ணுல ஒரு பிடி, பழைய தண்ணியில பாதி, பில்டர்ல இருக்கிற பஞ்சு, இதுகள அப்பிடியே வைங்க. தண்ணியச் சுத்தமாக்குற கிருமி அதுலதான் குடியிருக்கு. அது இல்லாட்டி புதுத் தொட்டியில மீன் நிக்காது."

இந்தியாவிலிருந்த சொந்த ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து தோட்டத்தில் கோயில் கட்டிய ஆட்களுக்கு இதை இரண்டாம் தடவை சொல்லத் தேவையில்லை. அடியில் இந்தத் தடவை மண்ணே வேண்டாம், உருண்டைக் கல் போடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் கல்லுக்காகக் கடைக்குப் போகிறவன் மடையன். என் வீட்டுக்காரர் குருவிட்டப் பக்கம் ஆட்டோவில் ஒரு ஹயர் சவாரி போனபோது, மாணிக்கக் குழி ஒன்றின் ஓரத்தில் கழித்துக் குவித்திருந்த கல்லில் இரண்டு மூட்டை கேட்டு வாங்கி வந்தார். குழிக்காரர்கள் மகிழ்ச்சியாகக் கொடுத்தார்களாம், குப்பை குறைந்தது என்று.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளிக்கு மாற்றி, காற்று மோட்டாரைப் போட்டுவிட்டேன். செடிகளைப் பிடுங்கி ஈரப் பேப்பரில் சுற்றினேன். பிடி மேல்மண்ணைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். அப்புறம் அகப்பையை அடிவரை விட்டு ஒரு தள்ளுத் தள்ளினேன். அம்மாடி! ஆயிரம் கூமுட்டையை ஒரே நேரத்தில் உடைத்த நாற்றம். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து, "யாரு வீட்டுல என்ன செத்துச்சு?" என்று குரல் வந்தது. என் வீட்டுக்காரர் துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

கட்டிலில் அப்பா இருமிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரை வெளியே கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் தொட்டு அவர் வாசல் திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு, வந்ததில்லை. கோணிய வாயோடு லயத்து ஆட்கள் முன்னால் உட்கார அவருக்கு மனமில்லை. கூப்பிட்டாலே கண்ணை மூடிக்கொள்வார்.

"அரை மணித்தியாலம்பா. நாத்தம் போனதும் உள்ள வந்திரலாம்" என்றேன்.

இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாக எடுத்துவிட்டு, வெளியே ஓடிய என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இருவருமாகத் தூக்கி, இஸ்தோப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். பீலித் தண்ணீரில் குளிக்கப் போன ஒரு பெண், "மாமா, எப்பிடி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே போய் மண்ணை அள்ளினேன். மணலுக்கு அடுத்து இருந்தது இன்னும் செம்மண்தான். கீழே போகப் போகக் கறுப்பு, தார் மாதிரி. மேலே இலை பச்சையாகத் தெரிந்த நாளெல்லாம் கீழே இதுவும் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. சொல் உள்ளே இருக்கிறது என்றாரே டொக்டர். வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடக்கிற சொல்லுக்கு என்ன ஆகும்? அதுவும் இப்படித்தான் கெட்டுப்போகுமா? அகப்பையைக் கையில் பிடித்தபடியே அழுதேன். நாற்றத்தில் கண் எரிகிறது என்று நினைத்திருப்பார் என் வீட்டுக்காரர்.

தொட்டி காலியானதும் முதல் மூட்டைக் கல்லை வாசலில் குழாயடிக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் நாற்காலிக்கு நேர் எதிரே. பேசினில் கொட்டி, அரிசி களைகிற மாதிரி களைந்து, உருண்டைக் கல்லை மட்டும் அள்ளி வாளியில் போட்டேன். அடியில் தேங்கிய கறுப்புப் பொடியை வாசலோரத்துச் சாக்கடைக் கானில் வீசினேன். அது தொட்டிக்குள் போனால் தண்ணீர் கலங்கும். இரண்டாவது பேசினும் அப்படியே. மூன்றாவதை வீசும்போது முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"மூதேவி!"

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னை அந்த வார்த்தை சொல்ல இவருக்கு எங்கிருந்து வந்தது தைரியம்? "யாரப் பாத்துச் சொன்னீங்க?" என்று என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் மீன் வாளியோடு வாயைப் பிளந்து நின்றார். தாடையால் நாற்காலியைக் காட்டினார்.

அப்பா பாதி எழும்பியிருந்தார். இடது கை கானை நோக்கி நீண்டிருந்தது. முகமெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டுப் பின்னேரத்தில் மாணிக்கக் குழிக்குப் போய்க் கல் கழுவிய மனிதர். தோட்டத்து வேலையை விட்ட பிறகும் குழியை விடவில்லை. கூடையைத் தண்ணீரில் சுழற்றினால் சேறும் லேசானதும் ஓடிவிடும், கனமானது அடியில் தங்கும். மாணிக்கம் இருந்தால் அந்த அடியில்தான் இருக்கும். அதை வெயிலில் பிடித்துப் பார்க்காமல் கொட்டுகிறவளை அவர் எப்படிச் சகிப்பார்? இது ஏற்கெனவே பார்த்துக் கழித்த கல்தான். அது அவர் கைக்குத் தெரிந்தால்தானே!

"என்னாப்பா? என்ன சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க."

ஈரக் கையோடு அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். உதடு துடித்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

"மூதேவின்னு சொல்லுங்கப்பா. என்னயத்தான். சொல்லுங்க."

அவர் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. வரவில்லை. கண் கலங்கி, முகம் மெல்லப் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது. அங்கே சுவர் இல்லாவிட்டாலும் அவர் சுவரைத்தான் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. போகவிட்டால் போயே விடுவார்.

நான் எழுந்து குழாயடிக்குப் போனேன். பேசின் நிறையக் கல்லை அள்ளினேன். ஏனோதானோவென்று இரண்டு அலசு அலசினேன். அடியில் தேங்கியதை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டு, பார்க்காமல், கானில் வீசினேன்.

"மூதேவி! பா... பாத்து!"

"மீனு வாளியில தவிக்குது, புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலும் சரியாக இல்லை. "தொட்டிய நெரப்ப வேணாமா?"

"மோட்டார் ஓடுதுல்ல? கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, முதல் மூட்டையைக் கடைசிக் கல்வரை அப்படியே கழுவிக் கொட்டினேன். பிறகு இரண்டாவது மூட்டையின் வாயைப் பிரித்தேன்.